திரும்பியபின் நேராகாத ஸ்டீயரிங்: முருங்கப்பாக்கம் பக்கத்துப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் மரப்பாலத்தைத் தாண்டி முருங்கப்பாக்கம் பக்கமாக உள்ளே திரும்பினால், வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒரு கார் பட்டறை இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை இல்லை. எல்லா வண்டிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலும், ஸ்டீயரிங் வேலை என்றால் இங்கேதான் போக வேண்டும் என்று உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். பட்டறையை நடத்தும் மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். உதவிக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். என் மாருதி 800 இங்கே 11 நாள் நின்றது. அந்த 11 நாளில் நான் பார்த்ததையும், அதற்கு முன் இரண்டு கடைகளில் பட்டதையும் எழுதுகிறேன். பழைய வண்டியில் மாற்றங்கள் செய்துகொண்டு அல்லல்படும் மற்றவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் வண்டியைப் பற்றி. 1998-ஆம் ஆண்டு மாடல், பிஒய்-01 பதிவு. லாஸ்பேட்டையில் ஒரு இளைஞரிடமிருந்து வாங்கினேன். அவர் அதற்குச் செய்யாத அலங்காரம் இல்லை. 12 அங்குல இரும்பு வீல்களை எடுத்துவிட்டு 13 அங்குல அலாய் வீலும் 165 மில்லிமீட்டர் அகல டயரும் போட்டிருந்தார்; வீல் வெளியே தள்ளித் தெரிய வேண்டும் என்பதற்காக வீலைத் தாங்கும் ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் ஸ்பேசர் என்னும் வட்டத் துண்டை வைத்திருந்தார்; முன்புற ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தார்; தோல் உறை போட்ட சின்ன ஸ்டீயரிங் வீலைப் பொருத்தி, அதன் கனத்தைச் சமாளிக்கப் பிற்காலத்து வண்டி ஒன்றின் மின்சாரப் பவர் ஸ்டீயரிங்கை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வைத்திருந்தார். ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள வண்டிக்கு இவ்வளவும் தேவையா என்று வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு விரலால் திருப்ப முடிந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது இங்கிருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ரெயின்போ நகரில் எங்கள் தெருவில் நின்ற வண்டி, ஹப் மூழ்குமளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இருக்கையையும் தரைவிரிப்பையும் காயவைத்தேன், எஞ்சின் ஆயிலை மாற்றினேன், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து ஸ்டீயரிங்கில் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. திருப்பத்தில் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக முழுதும் நேராக வரவில்லை, மெதுவாக அரைகுறையாகத்தான் வந்தது. மீதியை நாமே பிடித்து இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக் பிடித்தால் இன்னும் அதிகமாக இழுத்தது. பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் கையிலிருந்து வெடுக்கென்று துள்ளியது. தினமும் கடலூருக்கு வேலைக்குப் போய்வருகிற எனக்கு, கன்னியக்கோயில் தாண்டியதும் எதிரே வரும் பேருந்தைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

முதலில் போன டயர் கடையில் மூன்று முறை வீல் அலைன்மெண்ட் செய்தார்கள். மூன்று முறையும் கணினி அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து, எல்லாம் பச்சையில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது முறை, வீலைத் திருப்பும் கம்பிகளின் முனைகளான டை ராட் எண்டுகள் இரண்டையும் மாற்றினார்கள், இழுப்பு மாறவில்லை. அடுத்து, அலங்காரப் பொருள்களை விற்றுக்கொண்டே பழுதும் பார்க்கும் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே, ஸ்டீயரிங்கில் ப்ளே, அதாவது சும்மா ஆடும் இடைவெளி, இருக்கிறது என்று சொல்லி, ஸ்டீயரிங்கின் சுழற்சியை வீல்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டான ரேக்கின் அடியில் உள்ள அழுத்தத் திருகை இறுக்கிவிட்டார்கள். ப்ளே குறைந்தது உண்மைதான், ஆனால் அதுவரை மெதுவாகவாவது நேராக வந்துகொண்டிருந்த ஸ்டீயரிங் அன்றிலிருந்து தானாக நேராவதை அறவே நிறுத்திவிட்டது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் அதிகம் கற்றுக்கொண்டது இந்த ஒரு திருகிலிருந்துதான்.

முருங்கப்பாக்கத்துப் பட்டறையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் சரியில்லை என்று ஆரம்பித்தேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சரியில்லைன்னு சொல்லாதீங்க சார். எப்ப, எந்த ஸ்பீடுல, எந்தப் பக்கம், பிரேக் அடிச்சாலா அடிக்காமலா, அதைச் சொல்லுங்க.” நான் சொல்லச் சொல்ல ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த கேள்விதான் எனக்கு வியப்பாக இருந்தது: “இதுல இருந்து கழட்டுனதெல்லாம் எங்க?” அதாவது பழைய ஸ்டீயரிங் காலமும் (ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தண்டுக்கூடு) வீல்களும் ஸ்பிரிங்குகளும் எங்கே என்கிறார். எனக்குத் தெரியவில்லை, வண்டியை விற்றவரிடம் கேட்டு வைக்கச் சொன்னார். வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்ட பட்டறையை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு என்னையே ஓட்டச் சொல்லி இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். அரியாங்குப்பம் வழியாக நோணாங்குப்பம் போய், சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் போக ஒரு முறை, திரும்ப ஒரு முறை. போகும்போது சாலையின் இடது ஓரமாகவும், எதிரே வண்டி இல்லாத இடத்தில் நடுக்கோட்டை ஒட்டியும் ஓட்டச் சொன்னார். சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால் எந்த வண்டியும் ஓரத்தில் போகும்போது கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். நடுக்கோட்டருகே சரிவு குறைவு, அங்கேயும் இழுத்தால்தான் அது வண்டியின் குறை என்று விளக்கினார். என் வண்டி அங்கேயும் இழுத்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தார். டயரின் உள்ளே குறை இருந்தால் இழுப்பு எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருக்கும், மாறவில்லை. அதற்குப் பிறகு பவர் ஸ்டீயரிங்கின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு சுற்று. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது, நேராக வராத குறையோ அப்படியே இருந்தது. ஆகவே மோட்டார் மட்டும் காரணமாக இருக்க முடியாது, எங்கோ இரும்பு இரும்பைப் பிடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். இத்தனைக்கும் இதுவரை ஆன செலவு பெட்ரோல் மட்டும்தான்.

அடுத்த நாள் செய்ததுதான் இந்தப் பட்டறையின் திறமைக்குச் சான்று. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வீல்கள் அந்தரத்தில் தொங்க, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் ரேக்கும் சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றி இரண்டையும் பிரித்துவிட்டார். இப்போது ஸ்டீயரிங் வீலும் அதன் தண்டும் மேலே தனி. ரேக்கும் வீல்களும் கீழே தனி. மேல் பாதியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் இடறியது. சாய்ந்து சேரும் இரண்டு தண்டுகளை இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் வேலை செய்தால் இப்படித்தான் சுற்றுக்கு இருமுறை இறுகித் தளரும் என்றார். கீழ் பாதியில், வீல்களைக் கையால் பிடித்துத் திருப்பியபோது நடுவில் இலகுவாகவும் இரு ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தது. ஒரே குறை என்று நான் நினைத்திருந்தது, ஒரு போல்ட்டைக் கழற்றியதும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

ரேக்கைப் பற்றி அவர் சொன்னதை விரித்து எழுத வேண்டும். எந்த வண்டியானாலும் நேராக ஓடும் நேரமே அதிகம். அதனால் ரேக்கின் நடுப்பற்கள்தான் முதலில் தேய்கின்றன, ஓரத்துப் பற்கள் புதிதாகவே இருக்கின்றன. நடுவில் தெரியும் ப்ளேயைப் போக்கவேண்டும் என்று அழுத்தத் திருகை இறுக்கினால், நடுவில் சரியாக உட்காரும் பற்கள் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். வளைந்த வீல்களை நேராக்க வேண்டிய விசை அந்தப் பிடியிலேயே செலவாகிவிடும். இது போதாதென்று, வலப்பக்க ரப்பர் பூட் கிழிந்திருந்தது. அதன் வழியாகப் புயல் தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் சேறாகி, ரேக்கின் உடலில் துருப் பொட்டுகள் விழுந்திருந்தன. திருகைத் தளர்த்தினால் ப்ளே வரும், இறுக்கினால் திரும்பாது. இந்த ரேக் இனி எந்த அளவிலும் நிற்காது என்று காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றார். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ரேக் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டேன். இன்னொரு வண்டியின் நடுப்பல் தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்றார். புதிதாகவே வாங்கினோம்.

மேல் பாதியின் கதை வேறு மாதிரி. பவர் ஸ்டீயரிங் காலம் இந்த வண்டிக்குரிய நீளத்தில் இல்லாததால், முன்பு பொருத்தியவர்கள் காலத்தையும் ரேக்கையும் இணைக்கும் இடைத்தண்டை வெட்டி வெல்டிங் வைத்து நீளத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். விளக்கைப் பிடித்து அந்த வெல்டிங்கைக் காட்டிய மேஸ்திரி, அதற்குப் பிறகு அந்தத் தண்டோடு வண்டியைச் சாலையில் எடுக்க மறுத்துவிட்டார். வெல்டிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் இழுத்தேன். அது விட்டுப்போகும் அன்றைக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாது என்பதுதான் பதில். இன்னொன்றையும் காட்டினார். இந்த வகைப் பவர் ஸ்டீயரிங், வண்டியின் வேகத்தை ஒரு மின்துடிப்பாகப் பெற்று, வேகம் கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியிலோ வேகமானிக்குக் கேபிள்தான். துடிப்பு போகவே வழியில்லை. எனவே அந்த மோட்டார் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாமல் ஒரே அளவில் உதவிக்கொண்டிருந்தது. தெருவில் விரலால் திருப்பும் சுகத்துக்கு நான் மயங்கினேன் என்றேனே, 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே இலகுதான் என்னை அலைக்கழித்திருக்கிறது.

இழுப்புக்கு இவை எவையும் காரணமில்லை. அதற்கு அவர் எடுத்தது ஒரு அளவு டேப்பை. ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, முன் வீலின் நடுவிலிருந்து பின் வீலின் நடுவரை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் 8 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. மாருதி 800-இல் முன்புற ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை: வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். அது லோயர் ஆர்மைச் சேரும் இடத்து ரப்பர் புஷ் இடப்பக்கம் நசுங்கிப் பாதியாகியிருந்தது. லீவரைக் கொடுத்து நெம்பினால் வீலே முன்பின்னாக ஆடியது. வீலின் அடிப்பகுதி பின்னால் தள்ளிப்போனால் அந்தப் பக்கத்துக் கேஸ்டர் கோணம், அதாவது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வீல் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி ஒதுங்கும். பிரேக் பிடிக்கும்போது சாலை வீலை இன்னும் பின்னால் தள்ளுவதால் இழுப்பும் கூடுகிறது. இழுப்பைப் பற்றி நான் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அந்தச் சின்ன ரப்பருக்குள் அடங்கிவிட்டன.

அப்போது பழைய அலைன்மெண்ட் தாள்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். டேஷ்போர்டு பெட்டியில் மூன்றும் கிடந்தன. இரண்டில் கேஸ்டரை அளக்கவே இல்லை. மூன்றாவதில் அளந்திருந்தார்கள்: இடத்துக்கும் வலத்துக்கும் ஏறக்குறைய ஒரு பாகை வித்தியாசம், அதுவும் சிவப்பு எழுத்தில். இந்த வண்டியில் திருகித் திருத்தக்கூடியது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்கள் உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு, ஒன்றுதான். கேஸ்டரைத் திருத்தத் திருகு கிடையாது. திருத்த முடியாததைப் பார்ப்பானேன் என்று கடையில் விட்டிருக்கிறார்கள். விடை என் வண்டிக்குள்ளேயே நான்கு மாதமாக மடித்துக் கிடந்திருக்கிறது.

வண்டியை விற்ற இளைஞருக்கு அன்று மாலையே தொலைபேசியில் பேசினேன். பழைய ஸ்டீயரிங் காலமும் இடைத்தண்டும் ஸ்டீயரிங் வீலும் நான்கு இரும்பு வீல்களும் அவர் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கின்றன என்றார். பணம் வாங்காமலே கொடுத்தார். ஸ்பிரிங்குகளை மட்டும் காயலான் கடையில் போட்டுவிட்டாராம். ஸ்டீயரிங் காலத்தின் கீழ்ப்பக்கத்து பேரிங்கையும் இடைத்தண்டின் ஜாயிண்ட்டையும் சோதித்து, ஜாயிண்ட்டை மட்டும் மாற்றினார்கள். ரேக், இரு பக்கத்து ஸ்டெபிலைசர் புஷ்கள், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங்குகள் ஆகியவை புதியவை. ஸ்பேசர்களை எடுத்ததோடு, 12 அங்குல வீல்களுக்கு 145/70 அளவில் இரண்டு டயர் புதிதாகவும் இரண்டு பழையதாகவும் போட்டுக்கொண்டேன். ஸ்பேசரை அவர் எடுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு: வீல் வெளியே தள்ளிப்போகப் போக, சாலையில் உள்ள ஒவ்வொரு குழியும் வீலைத் திருப்பிவிடும் பிடி நீளமாகிறது; அந்த உதையெல்லாம் ஓட்டுகிறவரின் கைக்குத்தான் வரும்.

பணம்: உதிரிபாகங்களுக்கும் வேலைக்கும் சேர்த்து 14,600 ரூபாய், அதில் கூலி 5,200. டயர் தனி. முந்தைய இரண்டு கடைகளிலும் சேர்த்து நான் கொடுத்தது 6,000-ஐத் தாண்டும் என்பதால், இந்தக் கூலி எனக்கு உறுத்தவில்லை. மாற்றிய பாகங்கள் அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பழைய ரேக்கைப் பிரித்து நடுப்பற்களைத் தடவிப் பார்க்கச் சொன்னதும் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் என்று சொன்ன வேலை 11 நாள் ஆயிற்று. இரண்டு நாள் பாகம் வரவில்லை, மற்ற நாள்களுக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை, நேரில் போனால்தான் நிலவரம் தெரியும். பில், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. காப்பீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது உதவாது. கணினி அலைன்மெண்ட் எந்திரம் இவர்களிடம் இல்லை. நான்கு வீல்களையும் சுற்றி நூல் கட்டி டோவை ஓரளவு அமைத்துவிட்டு, வேறு கடைக்கு அனுப்புகிறார்கள். மேஸ்திரியே கூட வந்து, கேஸ்டரையும் அளந்துதான் ஆகவேண்டும் என்று அங்கே நின்றுகொண்டார் என்பது ஆறுதல். இருபக்கமும் ஒன்றாக வந்திருந்தது. மழை நாளில் பட்டறை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, உட்கார ஒரு பெஞ்சுதான்.

இவர்களிடம் அலங்கார வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வண்டியை இன்னும் தாழ்த்தவேண்டும், ஸ்டீயரிங்கை இலகுவாக்கவேண்டும் என்று கேட்டு வந்த ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதும், உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்ததும் பலருக்குத் தெரியும். மேஸ்திரி அந்தச் சட்டத்தை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது உங்களுக்கே தெரியும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது என்றால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் திருப்பங்களில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே சுழன்று நடுவுக்கு வந்து நிற்கிறது. நடுக்கோட்டருகே நேராகப் போகிறது, பிரேக் பிடித்தாலும் விலகுவதில்லை. நிறுத்துமிடத்தில் திருப்பக் கை வலிக்கத்தான் செய்கிறது. மூன்று நாளில் பழகிவிட்டது. தோல் உறை போட்ட அந்தச் சின்ன ஸ்டீயரிங் வீலை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சுண்ணாம்பாற்றுப் பாலத்துத் துள்ளல் முழுதும் போகவில்லை. தாழ்ந்த ஸ்பிரிங்கால் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைவில் ஏறி இறங்காமல் போகின்றன, அதனால் வீல் மேலேறும் ஒவ்வொரு முறையும் டோ மாறுகிறது என்பதை, ஒரு பலகையை வீலுக்குச் சாய்த்து வைத்து, வண்டியை ஜாக்கியால் ஏற்றி இறக்கிக் காட்டினார். பலகையின் நுனி நகர்ந்ததை நானே பார்த்தேன். உரிய ஸ்பிரிங்கை வாங்கி வந்தால் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிவிடுவேன், வண்டியை அங்கேயேதான் விடுவேன். ஒரே நாள் வேலை என்கிறார். நான் அலுவலகத்தில் பேருந்தில் வருவதாக நான்கு நாளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.